ஒட்டாத நோய்க்கு ஒரு சாட்சி

என் தந்தையை, என் நைனாவை, இரு கைகளாலும் தொட்டுக் குளிப்பாட்டும் வாய்ப்பு, சென்ற மாதம் அவர் இறந்த பிறகே எனக்குக் கிடைத்தது. அதற்கு முன் அவர் என்னை அருகில் சேர்த்தது சிறுபிள்ளைப் பருவம் வரைதான்.

நைனாவுக்குச் சொரியாசிஸ். முழங்கையும் முதுகும் செதிலாக உதிரும். அது பிறரைத் தொற்றாது. திருத்தணியில் அதை நம்பியவர் குறைவு. மலையடிவாரத்துச் சலூனில் அவருக்கு மட்டும் தனிச் சீப்பு. எனவே, போகும்போதெல்லாம் என்னையும் அழைத்துச் செல்வார்.

"ஒட்டாதுங்க. என் பையன் என் போர்வையிலதான் தூங்குறான், என் துண்டுலதான் தொடச்சிக்கினு கீறான். பாருங்க" என்று என் சட்டையைத் தூக்கிக் காட்டுவார். ஊருக்குக் காட்ட அவரிடம் இருந்த ஒரே சாட்சி நான். அந்தப் பதவியில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒரு கோடையில் அவர் தொடையில் சிவந்த வளையம் ஒன்று புதிதாக வந்தது. கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்தது. ரயில்வே வேலையில் நாள் முழுவதும் வியர்த்த காலணியோடு நிற்பவர். பழைய நோய்தான் பரவுகிறது என்றெண்ணிப் பழைய களிம்பையே பூசிவந்தார். சில வாரங்களில் என் இடுப்பிலும் ஒரு வளையம் தோன்றியது. அதை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் சலூனுக்கென்று வைத்திருந்தேன்.

அடுத்த முறை சலூனில் அவர் வாய் திறக்கும் முன்பே சட்டையைத் தூக்கினேன். "எனக்கும் வந்துட்ச்சு, நைனா."

"இன்னா சார், உங்க சாட்சியே பல்டி அட்ச்சிட்டாரே" என்றார் முடிவெட்டுபவர். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நைனா என் சட்டையை இறக்கிவிட்டு, முடி வெட்டிக்கொள்ளாமலே வெளியேறினார்.

அரக்கோணத்து மருத்துவர் நகத்தைச் சுரண்டிச் சோதித்தார். "கை முட்டியில, முதுகுல இருக்கிறது பழசு, அது ஒட்டாது. தொடையில படர்தாமரை, நகத்துலயும் பூஞ்சை. அது ஒட்டும். மருந்து போட்டா போயிடும். நீங்க பூசுன களிம்புலதான் இவ்ளோ வளந்திருக்கு."

எல்லாவற்றையும் நைனா கேட்டார். அவருக்குள் தங்கியது நடுவில் சொன்ன ‘அது ஒட்டும்’ மட்டும்.

அன்றே என் துண்டும் பாயும் தனியாயின. என் வளையம் விரைவில் மறைந்தது. அவர் நகம் தெளிய ஓராண்டுக்கு மேலாயிற்று. இனி அச்சமில்லை என்று மருத்துவர் சொன்ன மாலை, அவரிடம் ஓடிச் சட்டையைத் தூக்கினேன். "எனக்கும் பூட்ச்சு, உனக்கும் பூட்ச்சு இல்ல?"

"ஆங், பாத்தேன். போய் படி."

சரியாகப் பார்க்கவில்லை போலும் என்று ஓரடி நெருங்கினேன். அவர் ஓரடி பின்வாங்கினார். மேலும் நெருங்கினேன். அவர் முதுகு சுவரில் முட்டியது. புது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன்.