கேப்டன் போஹனின் இடுப்பில் இருந்தது

அயர்லாந்தில் கில்மோரன் என்ற கத்தோலிக்கப் பங்கில் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் சாமியார் வீட்டுக்கே வந்து பூசை வைப்பார். ஒரு தடவை ஒரு வீடு, அடுத்த தடவை அடுத்த வீடு. முறை வந்த வீட்டுக்காரர்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கொட்டிலைக் கழுவி, பூசை முடிந்ததும் அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் முட்டையும் பன்றிக்கறியும் பொரித்துப் போடுவார்கள். ட்ரேசி வீட்டில் நடந்தால் அடுத்தது ஹெஸ்லின் வீடு. ஆனால் முறை அந்த வீட்டை ஒரே தாண்டாகத் தாண்டி போஹன் வீட்டுக்குப் போய்விடும். ஐம்பது வருஷமாக அப்படித்தான். அந்த ஊரில் ஒருவனை ஒதுக்குவதற்கு யாரும் சத்தம் போடுவதில்லை.

டீலியா ஹெஸ்லினின் அம்மா வசந்தம் தவறாமல் சுண்ணாம்பு அடித்துக் காத்திருந்தாள். காத்திருந்தே போய்ச் சேர்ந்தாள். டீலியாவுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. துரோகி வீட்டுப் பெண்ணை யார் கட்டுவார்கள்? நாலு கோழி, ஒரு நாய், பங்கு மண்டபத்தைப் பெருக்கித் துடைக்கிற வேலை. சாவதற்குள் தன் சமையலறையில் ஒரு பூசை நடக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் கடவுளிடம் எதுவும் கேட்டதில்லை.

துரோகி என்று பெயர் வாங்கியவன் அவளுடைய சித்தப்பா பேக்கி. இங்கிலீஷ்காரனோடு சண்டை நடந்த குளிர்காலத்தில், ஊர்ப் படையின் ஆயுதங்களைச் சதுப்பில் புதைத்துக் காவல் காத்தவன். அவற்றில் ஒரு போலீஸ் சார்ஜெண்டிடம் பறித்த கைத்துப்பாக்கியும் இருந்தது. பறித்தபோது கைப்பிடியின் ஒரு பக்கம் உடைந்துபோயிற்று. சதுப்புக்குள் கிடந்து கறுத்த ஓக் மரத்தில் பேக்கி அதற்குப் புதுப் பக்கம் செதுக்கிப் போட்டான். பிப்ரவரியில் அந்தத் துப்பாக்கியைக் காணவில்லை. கேப்டன் ஃபெலிம் போஹன் ஒரு கொட்டிலில் விசாரணை வைத்தார். பேக்கி அதைப் போலீசிடம் கொடுத்துவிட்டு ஆட்களையும் காட்டிக்கொடுத்தான் என்று தீர்ப்பானது. சதுப்பின் ஓரத்தில் சுட்டு, நெஞ்சில் 'துரோகி' என்ற அட்டையைக் குத்திவிட்டுப் போனார்கள்.

கேப்டனின் போட்டோ பங்கு மண்டபத்தில் உயரத்தில் தொங்கியது. அந்த வருஷம் ஜூலையில் சண்டை நின்றதும் எடுத்தது. கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிவிட்டுக்கொண்டு, இடுப்பில் துப்பாக்கியோடு மாப்பிள்ளை மாதிரி நிற்பார். ஊர்ச் சாராயக்கடையில் அவர்மேல் ஒரு பாட்டு உண்டு. அதில் அவரிடம் இருப்பது நீள மூக்கு ஜெர்மன் துப்பாக்கி. பாடிப் பாடி, அடுப்புப் புகை படிந்த அந்தப் போட்டோக் கண்ணாடிக்குப் பின்னாலும் ஊரே ஜெர்மன் துப்பாக்கியைத்தான் பார்த்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பாட்டுக்குள் தாராளமாக மறைக்கலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் கேப்டனுக்குச் சிலை வைக்க ஏற்பாடு ஆயிற்று. வடக்கே பெல்ஃபாஸ்ட் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த நேரம். ஊர் இளவட்டங்கள் சிலர் கொட்டில்களில் மறுபடி எதையோ புதைக்க ஆரம்பித்திருந்தார்கள். சிலையில் துப்பாக்கி சரியாக இருக்க வேண்டும் என்று டப்ளினிலிருந்து ஆயுதம் தெரிந்த ராணுவ அதிகாரி ஒருவரை வரவழைத்தார்கள். வரவழைத்தவர் கேப்டனின் மகன் யூஜின். பால்பண்ணை மேலாளர், அவர் முகம் சுளித்தால் எவன் பாலும் புளித்த பால்தான். கூடவே மாட் ட்ரேசியும் வந்திருந்தார், கேப்டனின் ஆட்களில் மிச்சம் இருந்த ஒரே கிழவர்.

டீலியா படத்தை இறக்கிக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். அதிகாரி லென்ஸை வைத்துக் குனிந்தார்.

"இது ஜெர்மன் இல்லீங்க. வெப்லி, இங்கிலீஷ்காரன் துப்பாக்கி. அடியில வளையம் தெரியுது பாருங்க, போலீஸ்காரங்க கயிறு கோக்கறது. கைப்பிடியில இந்தப் பக்கம் கம்பெனி போட்டது இல்ல. யாரோ கையால செதுக்கியிருக்காங்க. கறுப்பு மரம். மூலையில குருவிக் கால் மாதிரி மூணு கீறல்."

டீலியாவும் லென்ஸ் வழியாகப் பார்த்தாள். அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலின் கயிறு அறுந்து வருஷக்கணக்காகிறது. தூக்கிவிட்டால் நிற்பதற்காக ஒரு கறுப்பு மரத்துண்டை முட்டுக் கொடுத்திருப்பாள். பேக்கி முதலில் செதுக்கி, அளவு தப்பியதால் தூர எறிந்த துண்டு அது. அதன் மூலையிலும் மூன்று குருவிக் கால்கள்.

காணாமல் போன துப்பாக்கி போலீசிடம் போகவில்லை. தீர்ப்புச் சொன்னவரின் இடுப்பில் இருந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். போஹனின் புளுகு ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. டீலியா நிமிர்ந்தபோது மாட் ட்ரேசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார்.

அவள் சாமியாரிடம் போனாள். சிலை திறப்பதற்கு முன்னால், பேக்கி துரோகி இல்லை என்று பீடத்திலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சினாள். செத்த எலும்பைக் கிளறாதே என்றார் அவர். அவளிடம் அவ்வளவுதான் சொன்னார். யூஜினிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரமே போட்டோ சுவரில் இல்லை. மரச்சட்டம் மாற்றப் போயிருக்கிறதாம். சிலையில் பாட்டில் வரும் துப்பாக்கியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. ரொட்டி வண்டி அவள் வாசலில் நிற்காமல் போனது. ஒருநாள் நாயைக் காணவில்லை. மறுநாள் காலையில் அதுவாகவே திரும்பி வந்தது. அதன் கழுத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது, புத்தம் புதுசு. நாய்க்கு ஒரு காயமும் இல்லை. அதுதான் டீலியாவை நடுங்க வைத்தது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் யூஜினே வந்தார். டீ குடித்தார். கோழிகளை விசாரித்தார்.

"அடுத்த பூசை உன் வீட்லதான், டீலியா. சாமியார் ஒத்துக்கிட்டாரு. சுண்ணாம்பு என் செலவு. ஊரே வந்து சாப்பிடும். உங்கம்மா இருந்து பாக்கலியேன்னுதான் வருத்தம்."

பொய் சொல்வானேன், ஒரு கணம் அவள் அந்தப் பூசையைப் பார்த்தே விட்டாள்: மேசையில் வெள்ளை விரிப்பு, மெழுகுவத்தி, முட்டி போட்ட ஊர்.

"அந்த ஜன்னல் கட்டைய மட்டும் குடுத்துரு. அப்படி ஒண்ணு இருக்குன்னு மாட் சொன்னாரு. எங்கப்பா துப்பாக்கிய அப்புறம் போலீஸ்கிட்டேருந்து மீட்டிருப்பாரு. இதப் போய் பெருசு பண்ணிக்கிட்டு."

"மீட்டிருந்தா பாட்டுல வந்திருக்குமே" என்றாள் டீலியா.

யூஜின் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். தனியாக இருக்கிற பொம்பளை, கதவை நல்லாத் தாழ் போட்டுக்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவுக்கு அவள் கட்டையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனாள். கறுத்த தொப்பி போட்ட இளவட்டங்கள் சிலையைச் சுற்றி நின்றார்கள். கொடியை இழுத்துச் சிலையைத் திறக்க வேண்டியவர் மாட் ட்ரேசி. டீலியா நேரே போய் அவர் உள்ளங்கையில் கட்டையை வைத்தாள். கிழவரின் கட்டைவிரல் குருவிக் கால்களைத் தேடிக் கண்டுபிடித்தது.

"நீங்க அந்தக் கொட்டில்ல இருந்தீங்க. என்ன நடந்துச்சு?"

யூஜின் அவர் முழங்கையைப் பிடித்தார். கிழவர் உதறினார்.

"துப்பாக்கிய யார்கிட்ட குடுத்தேன்னு கேட்டாரு கேப்டன். கேட்ட ஆள்கிட்டத்தான் குடுத்திருந்தான், பொண்ணே. எனக்கும் தெரியும். பேக்கி அவர் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னான். பேரச் சொல்லல. நானும் சொல்லல. அப்புறம் அவனச் சுட எங்க கையில துப்பாக்கியக் குடுத்தாங்க."

யூஜின் கையை ஆட்ட, பேண்டு வாத்தியம் முழங்கியது. கிழவர் சொன்னது முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். காட்டிக்கொடுக்காமல் செத்தவனைத்தான் காட்டிக்கொடுத்தவன் என்று ஊர் ஐம்பது வருஷம் ஒதுக்கி வைத்திருக்கிறது. டீலியாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடந்தாள். இளவட்டங்கள் வழிவிடவில்லை, அவள் சுற்றிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து ஜன்னலைத் தூக்கிக் கட்டையை முட்டுக் கொடுத்தாள். நாய் குரைத்தது. கார் ஒன்று மெல்ல வந்து அவள் கேட்டருகே நின்றது. எஞ்சின் அணையவில்லை, யாரும் இறங்கவுமில்லை.

டீலியா ஜன்னலை மூடவில்லை. வாளியை எடுத்து, சுண்ணாம்பைக் கரைக்க ஆரம்பித்தாள்.