உப்பை விட்ட ஞாயிறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் என் மனைவி காசநோய்க்காக வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். எனக்கு ஆம்பூர் டேனரியில் தோல் ஊறவைக்கும் வேலை. ஞாயிறு நாலிலிருந்து ஐந்து வரைதான் அவளைப் பார்க்க விடுவார்கள். பஸ்ஸில் ஏறினால் என் மேல் வீசும் தோல் நாற்றத்தில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிடுவார். அந்த அவமானத்துக்குப் பயந்தே முப்பது மைலும் சைக்கிள் மிதித்தேன்.

பாதி வழியில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்ளும். அதற்கு நானே வைத்தியம் கண்டுபிடித்தேன். உப்புத் தடவிய பச்சைத்தோல் விறைத்துக் கிடக்கும். ஊறி உப்புக் கழிந்தால்தான் இளகும். தினமும் கையால் தொட்டுப் பார்க்கிற எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? சோற்றில் உப்பை அடியோடு நிறுத்தினேன். வழியெல்லாம் வெறும் தண்ணீராகக் குடித்தேன். வீட்டில் ஆக்கிப்போட ஆளில்லை; ஆகவே தடுக்கவும் ஆளில்லை.

அந்த ஞாயிறு விரிஞ்சிபுரத்துக்குக் கிட்டே இரண்டு காலும் ஒன்றாக இழுத்துக்கொண்டன. சைக்கிளோடு சாலையோரம் விழுந்து கத்தினேன். கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்தாள்.

"இன்னாண்ணா ஆச்சு?"

சொன்னேன்.

"உப்பை நிறுத்தினியா? வேர்வையில போறது இன்னா, சக்கரையா? வெயில்ல பாடுபடறவனுக்கு உப்பு ஜாஸ்தியே வேணும்" என்று திட்டிக்கொண்டே, தன் கூழில் உப்புப் போட்டுக் கரைத்துக் கொடுத்தாள். கால் பிடிப்பு விட வெகுநேரம் ஆயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி ஆறு. கேட் மூடியிருந்தது. எந்த ஜன்னல் அவளுடையது என்று வெளியே நின்று தேடினேன். தெரியவில்லை. வெட்கத்தை விட்டு அழுதேன்.

அடுத்த வாரம் உப்புக் கூழைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு, அவசரப்படாமல், அங்கங்கே நிறுத்திக் குடித்தபடி போனேன். கால் பிடிக்கவில்லை. மூன்றரைக்கே கேட்டில் நின்றேன்.

கதையைக் கேட்டு அவள் இருமல் வரும்வரை சிரித்தாள். "உன் காலு இன்னா மாமா, ஆட்டுத்தோலா?"

பிறகு பக்கத்துக் கட்டில் அம்மாளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"புருஷன் வரலியான்னு அவங்க கேட்டாங்க. போன வாரமும் நீ வந்ததா சொல்லிட்டேன். அவங்க தூங்கறப்ப நீ வந்துட்டுப் போனதா. கேட்டா ஆமான்னு சொல்லிடு."

அந்த அம்மாள் கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பொய்யோடு அவள் ஏழு நாள் தனியாகப் படுத்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டே, ஐந்து மணி ஆகும்வரை அவள் கட்டிலை விட்டு நகராமல் இருந்தேன்.