லீவுக்கு என்னிடம் வரும் பிள்ளைகள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும், சட்டென்று போய்விடும். இதை ரொம்ப நாள் ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். மனசில் எதையும் வைத்துக்கொள்ளாத ஆள் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்திருந்தேன். எதிரே நின்று கேட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்ததில்லை.

நானும் மனைவியும் பிரிந்து ஐந்து வருஷம் ஆகிறது. அவள் எங்கள் இரண்டு பெண் பிள்ளைகளோடு கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். பக்கத்திலேயே ஒரு துணிக்கடையில் வேலை. நான் ஒரு மணி நேரம் தள்ளி கிள்ளானில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை ஸ்டோருக்குப் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போவேன். பள்ளி ஆண்டு முடிந்து விடும் பெரிய லீவில் ஒரு வாரம் அவர்கள் என் வீட்டில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவாக இருப்பது சுலபம். சாப்பிட வைத்து, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் கொண்டுபோய் விட்டுவிடலாம். ஏழு நாள் அப்பாவாக இருக்கத்தான் சரக்கு வேண்டும்.

போன லீவுக்கு முன்னால் பிள்ளைகளின் அம்மா போன் செய்தாள்.

"பெரியவளுக்குப் பன்னெண்டு ஆகப்போவுது. இனிமே உங்க வீட்டுக்கு வரணுமா வேணாமான்னு அவளே சொல்லட்டும். நான் போன்னும் சொல்ல மாட்டேன், போவாதன்னும் சொல்ல மாட்டேன்."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெரியவள் வரவில்லை என்றால் ஏழு வயசுச் சின்னவள் தனியாக வர மாட்டாள். அந்த ஒரு வாரம் எனக்குப் பரீட்சை. சரியாகச் செய்யாவிட்டால் இனி ஞாயிற்றுக்கிழமையோடு சரி.

வேலையிடத்தில் ஏழு நாள் லீவு போட்டேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தினத்துக்கு ஒன்றாகத் திட்டம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். ஸ்டோர்காரன் புத்தி, எதற்கும் பட்டியல் வேண்டும்.

முதல் நாள் பேரங்காடியில் பிள்ளைகள் விளையாடும் இடம். காலுறை இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். மூன்று மாடி ஏறி இறங்கி வாங்கி வந்தால், பெரியவள் உயரம் கூடுதல், அவளுக்கு அனுமதி இல்லையாம். சின்னவள் உள்ளே பந்துக் குவியலில் குதித்துக்கொண்டிருக்க, பெரியவள் என் பக்கத்தில் இரண்டு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் தஞ்சோங் ஹராப்பான் கடற்கரை. நாங்கள் போன நேரம் தண்ணீர் வற்றி சேறாகக் கிடந்தது.

"இதுல எங்கப்பா குளிக்கிறது?" என்றாள் சின்னவள்.

"குளிக்கவா வந்தோம், கப்பலைப் பாரு."

"பார்த்துட்டேன்."

மூன்றாம் நாள் விடாத மழை. கேரம் பலகையை எடுத்தேன். அரை மணி நேரத்தில் சின்னவள் சிவப்புக் காயைக் கையில் ஒளித்துக்கொண்டு தரமாட்டேன் என்றாள், ஆட்டம் முடிந்தது. பிறகு மூன்று பேரும் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "போரிங் லா பா" என்று சின்னவள் அன்றைக்கு எத்தனை தடவை சொன்னாள் என்று கணக்கில்லை. பெரியவள் அதைக்கூடச் சொல்லவில்லை. குறை சொல்லும் பிள்ளையைச் சமாளிக்கலாம். விருந்தாளி மாதிரி மரியாதையாக இருக்கும் பிள்ளையை என்ன செய்வது?

நாலாம் நாள் காலையில் கடையிலிருந்து ரொட்டி சானாய் வாங்கி வந்து வைத்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் பெரியவளின் போனைச் சின்னவள் பிடுங்க, அவள் திருப்பிப் பிடுங்க, பருப்புக் கறி மொத்தமும் மெத்தை நாற்காலியில் கொட்டியது. அவ்வளவுதான். மூன்று நாள் அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்தது.

"சனியன்களா, உங்களை வச்சு என்னால மேய்க்க முடியாது. போதும். இன்னிக்கே உங்கம்மாகிட்ட கொண்டுபோய் விட்டுடறேன், அங்கயே இருங்க ரெண்டு பேரும்."

போனைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனேன். தலையில் நாலு வாளி தண்ணீர் விழுந்ததும் கோபம் போயே போய்விட்டது. குளித்துக்கொண்டே புதிதாக ஒன்று யோசித்தேன். கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயில் ஏறினால் கோலாலம்பூரைத் தாண்டி ரவாங் வரைக்கும் மாறாமல் போகலாம். நல்ல ஏர்கோன் குளிர், ஜன்னல், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். ரவாங்கில் எங்காவது சாப்பிட்டுவிட்டு அதே ரயிலில் திரும்பினால் ஒரு நாள் ஓடிவிடும். வெளியே வந்து, "கிளம்புங்க, ட்ரெயின்ல போலாம்" என்றேன். எங்கே என்று சொல்லவில்லை. கேட்கட்டும், கொஞ்சம் விளையாட்டுக் காட்டலாம் என்று இருந்தேன்.

ஒருத்தியும் கேட்கவில்லை. பெரியவள் பள்ளிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தாள். தண்ணீர் பாட்டிலும் நொறுக்குத்தீனியும் எடுத்து வைத்திருக்கிறாள், பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

கொமூட்டரில் நடுப் பெட்டி பெண்களுக்கு. ஆண்கள் ஏறக் கூடாது. ரயில் வந்ததும் பெரியவள், "பா, நாங்க லேடிஸ் கோச்ல உக்காந்துக்கறோம்" என்றாள். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. சரி, கொஞ்ச நேரம் தனியாக விடுவோம் என்று நான் அடுத்த பெட்டியில் அவர்கள் தலை தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். ஷா ஆலம் போயிற்று, சுபாங் போயிற்று. கே.எல். சென்ட்ரல் நெருங்கும்போது சூப்பர்வைசர் கூப்பிட்டான். ஏதோ ஒரு பெட்டிச் சரக்கைக் காணோமாம். லீவு போட்ட ஆளை நிம்மதியாக விட மாட்டான்கள். இறங்குகிற கூட்டமும் ஏறுகிற கூட்டமும் இடிக்க, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கதவுக்கு முதுகைக் காட்டி, எந்த அடுக்கில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பேசி முடித்துத் திரும்பினால் ரயில் கிளம்பியிருந்தது. பிள்ளைகள் இருந்த இடத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

விதியாவது ஒன்றாவது, பெண்கள் பெட்டிக்குள் ஓடினேன். ஒரு மலாய் அம்மா கையை நீட்டித் தடுத்தார். இரண்டு சின்னப் பெண்கள், ஒருத்தி முதுகில் பை, பார்த்தீர்களா என்று மலாயில் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். அப்போதே சென்ட்ரலில் இறங்கிவிட்டார்கள் என்றார்.

சென்ட்ரல் பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டி இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கு அங்கேதான் இறங்க வேண்டும். என்னை விட்டு ஓடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பெரியவளைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தால், அவள் போன் என் சட்டைப் பையில் கிடக்கிறது.

அவர்கள் அம்மாவைக் கூப்பிட வேண்டும். கடையிலிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் வந்துவிடுவாள். கூப்பிட்டால், பிள்ளைகளைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பரீட்சை அத்தோடு முடிந்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி ஓடினால் நானே கண்டுபிடித்துவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று தோன்றியது. அடுத்த ஸ்டேஷன் வரும் வரைக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடாமல் நின்றேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கதவு திறந்து கால் தரையில் பட்டதும், சின்னவளுக்குத் தெரு கடக்கத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. கூப்பிட்டேன்.

"பிள்ளைங்க சென்ட்ரல்ல இறங்கிட்டாங்க. நான் ட்ரெயின்லயே வந்துட்டேன்."

"எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள். ரவாங் போகிற ப்ளாட்ஃபார்ம் என்றதும் வைத்துவிட்டாள்.

திரும்புகிற ரயிலுக்குக் காத்திருந்தபோது அவளிடமிருந்து தகவல் வந்தது. *கெடச்சிட்டாங்க. அதே ப்ளாட்ஃபார்ம்தான்.* அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் அம்மாவின் மடியில். கண் வீங்கியிருந்தது. பெரியவளிடம் கேட்டேன். கத்தவில்லை, கத்துவதற்குச் சக்தி இல்லை.

"ஏன்ம்மா இறங்கின?"

"வீட்டுக்குத்தானே பா வந்தோம்?" என்றாள். "நீங்கதானே காலையில சொன்னீங்க, அம்மாகிட்ட விட்டுடறேன்னு."

நான் அவள் முதுகுப் பையைப் பார்த்தேன்.

"நான் துணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன். பாப்பா போமாட்டேன்னு அழுதுச்சு. அழுதா உங்களுக்கு இன்னும் கோவம் வரும். அதான் லேடிஸ் கோச்சுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்."

"நான் இறங்கலையே, பார்க்கலையா நீ?"

"பார்த்தேன். நீங்க திரும்பி நின்னீங்க. கோவத்துல எங்களைப் பார்க்கப் புடிக்கலன்னு நெனச்சேன். பாப்பா நகர மாட்டேன்னுச்சு, அதான் இங்கயே உக்காந்துட்டோம்."

நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். ஏதாவது எனக்குச் சாதகமாகச் சொல்வாள் என்ற நப்பாசை.

"கோவத்துல சொல்றதுதானே இது? எல்லா வீட்லயும் சொல்றதுதானே? நெசமா கொண்டுவந்து விட்டுடுவேனா?" என்றேன்.

அவள் சின்னவளின் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "என்கிட்டயும் சொல்வீங்க, உங்கம்மா வீட்டுக்குப் போன்னு. நெறைய தடவை சொல்லியிருக்கீங்க. நானும் ஒரு நாள் நெசம்னு எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன்."

நாலு வருஷமாக, அவள் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அண்ணனிடம், வேலையிடத்தில், கோயிலில் பார்க்கிறவர்களிடம். போகச் சொன்னது நான். சொல்லிவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, மறந்துபோயிருக்கிறேன். அந்த ப்ளாட்ஃபார்மில் நின்றுகொண்டு அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளிடம்தான் கேட்டேன். "தப்பு என்மேலதான்" என்றேன், இரண்டு தடவை.

மிச்ச நாள் என்ன செய்வது என்று அவள் பெரியவளிடமே கேட்டாள். பெரியவள் தங்கையைப் பார்த்தாள். சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரவாங்குக்குப் போகவில்லை. கிள்ளானுக்கே திரும்பினோம், மூன்று பேரும் சேர்ந்து நாற்காலியைக் கழுவி வெயிலில் போட்டோம். அதற்கப்புறம் திட்டம் எதுவும் இல்லை. பிள்ளைகள் பாட்டுக்கு இருந்தார்கள், சண்டை போட்டுக்கொண்டார்கள், நானும் இருந்தேன்.

கடைசி நாள் பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்கள் வீட்டு லிஃப்டுக்கு முன்னால், அந்தக் கேள்வியை இதற்கு மேல் சுமக்க முடியாது என்று பெரியவளிடம் நேராகவே கேட்டேன்.

"அடுத்த லீவுக்கு வருவியாம்மா? வரலன்னாலும் பரவாயில்ல, சொல்லிடு."

"வரேன். ஆனா கோவம் வந்தா நீங்க வெளிய போங்கப்பா. எங்களைப் போகச் சொல்லாதீங்க."

சரி என்றேன். இந்த லீவுக்கும் வந்திருக்கிறார்கள், இன்றைக்கு ஐந்தாம் நாள். இதுவரை மூன்று தடவை வெளியே போய் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். அதில் ஒரு தடவை நல்ல மழை.