புது மெஷினில் பழைய டாங்கி

கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கில் நான் வேலை செய்த தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கடைவரிசையில் ஒரு சீனர் டிவி, ரேடியோ விற்றுக்கொண்டிருந்தார். எண்பதுகளின் கடைசி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து அந்தக் கடையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. வீடியோ கேமில் டாங்கி குண்டு போடும் சத்தம். கேட்டதுமே எனக்கு யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தேன். அதே கேம்தான். மேலிருந்து பார்ப்பது போல ஒரு சுவர்க் கட்டம், அதற்குள் இரண்டு டாங்கிகள், ஒன்றை ஒன்று சுட்டுச் சாகடிக்க வேண்டும். பழைய மெஷினுக்கு வந்த கேம்களை எல்லாம் புது மெஷினுக்காகத் திரும்பச் செய்து ஒரே கேசட்டில் அடைத்து விற்கிறார்களாம். நிறம் மட்டும் பளிச்சென்று மாறியிருக்கிறது, மற்றதெல்லாம் அப்படியே என்று கடைக்காரர் மலாயில் சொன்னார். அப்படியேவா? ஐயா, அந்த அப்படியேவை நான் எப்படி விளையாடினேன் என்று உங்களுக்குத் தெரியாது. என் முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறதே, அது அந்த கேமில் போனது.

நாங்கள் புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்தோம். அப்பா குலை வெட்டுகிறவர். அம்மா உதிரிப்பழம் பொறுக்குவாள். என் அண்ணன் என்னைவிட நான்கு வயது பெரியவன். படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டில் காரைக் கழுவுவது, புல் வெட்டுவது என்று சுற்றிக்கொண்டிருந்தான். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மகன் மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்பியபோது தன்னுடைய கேம் மெஷினை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் லயத்துக்கு அப்படித்தான் வந்தது அந்தச் சனியன்.

தோட்டத்து லயத்துக்கு அப்போது கரண்டு சாயங்காலம்தான். ஆறு மணிக்கு எஞ்சின் போடுவார்கள். விளக்கு எரிந்த அடுத்த நிமிடம் அண்ணன் டிவி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். "வாடா!" என்பான். போகாவிட்டால் அடி. போய்த் தோற்றாலும் அடி. தோற்றவன் தலையைக் காட்ட வேண்டும், ஜெயித்தவன் ஜாய்ஸ்டிக்கின் அடிக்கட்டையால் ஒரு போடு போடுவான். அதுதான் அவன் வைத்த சட்டம். தப்பித்தவறி நான் ஜெயித்துவிட்டாலோ சட்டமெல்லாம் கிடையாது, கண்மண் தெரியாமல் மிதிப்பான். விட்டுக்கொடுத்துத் தோற்றுத் தொலைய வேண்டியதுதானே என்று அம்மா கெஞ்சுவாள். முடியாது. எனக்கும் அதே ரத்தம்தானே ஓடுகிறது! வாயில் ரத்தம் வழிய வழிய உட்கார்ந்து அவன் டாங்கியைச் சுடுவேன்.

அவனிடம் ஒரு வித்தை இருந்தது. டாங்கியைச் சுவர் மூலையில் கொண்டுபோய் விடாமல் அழுத்தினால், அது திடீரென்று மறைந்து எதிர்ப் பக்கம் என் டாங்கியின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கும். அந்த மெஷினில் இருந்த ஏதோ ஓட்டை. எனக்கு எவ்வளவு அழுத்தியும் அது வாய்க்கவில்லை. அவன் மட்டும் நினைத்த நேரத்தில் தாண்டி வந்து என்னைச் சாகடித்துவிட்டு ஹோவென்று கத்துவான். பக்கத்து வீட்டுக்காரர்கள் பலகைச் சுவரைத் தட்டுவார்கள்.

அந்த வருடம் ஆயுத பூசை வந்தது. தோட்டத்தில் அது பெரிய பூசை. குலை வெட்டும் அரிவாள், அதன் நீளக் கம்பு, சைக்கிள், தள்ளுவண்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வாசலில் வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் வைப்போம். அம்மாவுக்கு அதில் ஒரு கணக்கு உண்டு. ஒரு சாமான் எந்த இடத்தால் வேலை செய்கிறதோ அந்த இடத்தில்தான் பொட்டு வைக்க வேண்டும். அரிவாளுக்கு வெட்டுகிற முனை, சைக்கிளுக்கு ஹேண்டில். கேம் மெஷினும் வீட்டுச் சாமான்தானே? அதைப் பூசையில் வைக்காமல் விட்டால் அது ஒரு குறையாகிவிடாதா? அது எங்கே வேலை செய்கிறது என்று யாரையும் கேட்காமலே அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். நாங்கள் கேசட்டைச் செருகியதும்தானே டிவியில் படம் வருகிறது! அந்தச் செருகுகிற வாய்க்குள் விரலை விட்டு, கரைத்த சந்தனத்தைத் தாராளமாகப் பூசிவிட்டாள். மனசு நிறைந்து கற்பூரமும் காட்டினாள்.

சூடம் அணைந்ததும் அண்ணன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்க் கேசட்டைச் செருகினான். சுவிட்சைப் போட்டதும் புஸ்ஸென்று ஒரு கருகல் வாடை. அவ்வளவுதான். கேசட்டை உருவிப் பார்த்தான், அதன் பல்லெல்லாம் மஞ்சள் சந்தனம்.

"யாரு பூசுனது?" என்றான்.

"நாந்தாம்யா. பூசைக்கு வெச்சேன்," என்றாள் அம்மா. இன்னமும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள், பாவி.

அறைந்தான். பெற்ற தாயை, பூசை நாளில், விளக்குக்கு முன்னால் வைத்து அறைந்தான். ஒன்றோடும் நிற்கவில்லை. அவள் மூக்குத்தி தெறித்துப் போய் எங்கோ விழுந்தது. அவள் கத்தவும் இல்லை, கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை. மகன் அடிப்பான் என்று நினைத்துப் பார்த்திருந்தால்தானே தடுப்பதற்கு! முகத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். நான் பாய்ந்து அவன் தோளைக் கடித்தேன். என்னை உதறிச் சுவரில் அடித்தான். என் பல் உடைந்தது அப்போதுதான்.

வாசலில் இருந்த அப்பா உள்ளே வந்தார். பொட்டு வைத்திருந்த அரிவாள் கம்பு அவர் கையில் இருந்தது. நல்ல வேளை, அரிவாளை இன்னும் அதில் மாட்டியிருக்கவில்லை. "பெத்தவ மேலயாடா கை வெக்கிற?" என்று கேட்டுக்கொண்டே அடித்தார். வெளுத்து வாங்கினார். அண்ணனை வாசலுக்கு இழுத்துப் போட்டு, லயமே கூடி நிற்க, கை எலும்பு முறிகிற சத்தம் கேட்கிற வரைக்கும் அடித்தார். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ஓடி வந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துத்தான் நிறுத்தினார். "நான் செத்தாக்கூட இவன் என் மூஞ்சியில முழிக்கக் கூடாது," என்றார் அப்பா. அண்ணன் தொங்கிய கையைப் பிடித்துக்கொண்டு செம்மண் சாலையில் நடந்து போனான். யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது, இப்போது நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அப்பா சொன்ன சொல்லை அவன் காப்பாற்றினான். அப்பா ரத்தக் கொதிப்பில் போய்ச் சேர்ந்தபோது, மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியை நான்தான் வைத்தேன். அவன் பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் லோரி ஓட்டுகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். மோட்டர் சைக்கிளில் போனால் ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம்தான். ஆனால் வரவில்லை.

அதன் பிறகு அதே லயத்து வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு ஒரே பாட்டு. "நான் சந்தனம் பூசாம இருந்திருந்தா எம்புள்ள வீட்டுலயே இருந்திருப்பான்." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அடி வாங்குனதும் நீ, தப்பும் ஒன்னோடதாம்மா?" என்று கத்துவேன். அவள் காதிலேயே ஏறாது. சாகிறதுக்கு முன்னால் அவன் இந்த வீட்டில் வந்து இருக்க வேண்டும், கூட்டிக்கொண்டு வா, உன் அண்ணன்தானே, இதுதான் ராவும் பகலும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை. சேலை வாங்கிக் கொடுத்தால் மடித்து வைத்துவிடுவாள்.

அதனால்தான் அந்தச் சீனர் கடையில் அந்த மெஷினை வாங்கினேன். எனக்காக இல்லை. சும்மா போய், 'வா' என்று கூப்பிட்டால் வருகிற ஆளா அவன்?

அடுத்த நாளே அசாம் ஜாவாவுக்குப் போனேன். அவன் லோரிக்குக் கீழே படுத்துக்கொண்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். வெளியே வந்து என்னைப் பார்த்தவன் என் பல்லைத்தான் முதலில் பார்த்தான். முறிந்த கை கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது.

"என்னாடா?" என்றான்.

"டாங்கி கேம் திரும்ப வந்திருக்கு. புது மெஷினு. வாங்கி வெச்சிருக்கேன்."

"பொய் சொல்லாத லா."

"வந்து பாரு. அம்மா கூப்புடுது. வந்து இருக்கச் சொல்லுது. ஆனா அது கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும் நீ."

அவன் சிரித்தான். "அதெல்லாம் பழைய கதைடா. அம்மா அதையெல்லாம் எப்பவோ மறந்திருக்கும்."

ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். அம்மாவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே வந்தான். லயத்துக்கு முழு நேரக் கரண்டு வந்துவிட்டிருந்தது. கையில் துணிப் பை. தங்குவதற்குத்தான் வந்திருக்கிறான் என்று அந்தப் பையைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவன் முகத்தை, தோளை, கோணல் கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். "எளச்சுப் போயிட்டியேயா" என்று மட்டும் சொன்னாள். நான் அவனை முறைத்தேன், காலில் விழு என்று. அம்மா என்னை முறைத்தாள். "பழசப் பேசுனா கொன்னுருவேன் ஒன்ன. நான் எதையும் மனசுல வெச்சுக்கல," என்றாள். ஆட்டுக்கறி வேறு வாங்கி வைத்திருந்தாள்.

சரி என்று மெஷினை மாட்டினேன். அண்ணன் அதே மாதிரி சப்பணம் போட்டு உட்கார்ந்தான். படம் வந்ததும் வாயைப் பிளந்தான். "அடேங்கப்பா! கலரப் பாருடா!" ஜாய்ஸ்டிக் இல்லை, தட்டையான ஒரு பட்டன் பெட்டி. கொஞ்ச நேரம் தடுமாறினான், பிறகு பிடித்துக்கொண்டான். ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றிச் சாகடித்தோம். அவன் கத்துவதும் நான் கத்துவதும் லயம் முழுக்கக் கேட்டிருக்கும். உண்மையைச் சொன்னால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து அம்மா எட்டி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அப்போது அவன் தன் டாங்கியை மூலைக்குக் கொண்டுபோனான். பழைய வித்தை. பட்டனை விடாமல் அழுத்தினான். டாங்கி நகரவில்லை. இன்னும் அழுத்தினான். அங்கேயே நின்றது. புதிதாகச் செய்தவர்கள் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள்! நான் என் டாங்கியை நிதானமாகத் திருப்பி, மூலையில் மாட்டிக்கொண்ட அவன் டாங்கியைச் சுட்டேன்.

"சே!" என்று கத்திக்கொண்டு அண்ணன் கையைத் தூக்கினான்.

தன் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தூக்கினான். ஏமாந்து போனவன் நெற்றியில் அடித்துக்கொள்வானே, அதற்குத்தான். பக்கத்தில் இருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் அம்மா அவனுக்குத் தேத்தண்ணி வைக்கக் குனிந்திருந்தாள். அவன் கை மேலே போனதும் மங்குக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒடுங்கினாள். அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

தேத்தண்ணி தரையில் ஓடியது. டிவியில் செத்த டாங்கி சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணனின் கை தூக்கியபடியே நின்றது. பிறகு அதை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"ம்மா..." என்றான். "ம்மா, நான் ஒன்ன..."

அம்மா கண்ணைத் திறந்தாள். சட்டென்று கைகளை இறக்கிச் சேலையைச் சரிசெய்தாள். "ஒண்ணும் இல்லய்யா. மங்கு சூடு, வழுக்கிருச்சு. நீ வெளையாடு. வேற கலக்கிக்கிட்டு வரேன்." சிரித்துக் காட்டினாள்.

அவன் எழுந்தான். என்னைத் தாண்டிப் போகும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். அப்பா கம்பால் அடித்தபோதுகூட அப்படி ஒரு முகத்தை அவன் காட்டவில்லை. பையை எடுத்தான், செருப்பை மாட்டினான். "கறி வெந்துருச்சுய்யா! சாப்புட்டுட்டுப் போய்யா!" என்று அம்மா பின்னாலேயே ஓடினாள். மோட்டர் கிளம்பி, சாலை வளைவில் செம்பனை மரங்களுக்குப் பின்னால் சத்தம் போய்விட்டது.

அம்மா வாசலிலேயே நின்றாள். திரும்பி வந்தவள் வலது கையை மடக்கிக் கதவு நிலையில் ஓங்கி அடித்தாள். "ஒன்ன யாரு தூக்கச் சொன்னா? ஒன்ன யாரு தூக்கச் சொன்னா?" என்று முகத்தை மூடிய அந்தக் கையைக் கேட்டுக் கேட்டு அடித்தாள். நிலையில் இருந்த ஆணி கையைக் கிழித்தது, அப்போதும் நிறுத்தவில்லை. நான் ஓடிப்போய் நிலைக்கும் அவள் கைக்கும் நடுவில் என் கையைக் கொடுத்தேன். அவள் பார்க்கவே இல்லை, என் கை மேலேயே அடித்துக்கொண்டிருந்தாள்.