லாட்ஜ் பதிவேட்டில் தங்கிய இணையதளங்கள்

என்னிடம் ஒரு லாட்ஜ் வருகைப் பதிவேடு இருக்கிறது. நீளமான சிவப்பு அட்டை போட்டது. பெயர், பாஸ்போர்ட் எண், எங்கிருந்து வருகிறார், வந்த நேரம், எங்கே போகிறார் என்று ஒவ்வொரு பக்கத்திலும் கட்டங்கள் அச்சடித்திருக்கும். ஆனால் அதில் ஆட்கள் யாரும் தங்கவில்லை. எல்லா வரிகளிலும் இணையதளங்கள்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். நானாகச் சேர்த்த முதல் சொத்து இது.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் சந்து ஒன்றில் இருந்த லாட்ஜில் அம்மா அறைகளைப் பெருக்கினாள். அப்பா குப்பத்திலிருந்து படகில் போய் மீன் பிடித்தார். லாட்ஜின் கீழ்த்தளத்தில் வெள்ளைக்காரர்களுக்காக நான்கு கம்ப்யூட்டர்கள் வைத்த பிரவுசிங் சென்டர் இருந்தது. அதை நடத்தியவரை ஊரே பாயம்மா என்று கூப்பிட்டது. கணவர் வளைகுடாவில் வேலையில் இருந்ததால் கடை முழுக்க பாயம்மாவின் பொறுப்பு. மதிய வெயிலில் வெள்ளைக்காரர்கள் தூங்கப் போய்விடுவார்கள். விடுமுறை நாட்களில் அந்த இரண்டு மணி நேரம் என்னை உட்கார விடுவார். பதிலுக்கு, படிவம் நிரப்பத் தெரியாமல் வரும் ஊர்க்காரர்களுக்கு நான் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

நான் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் மட்டும்தான் உட்காருவேன். பிடித்த தளங்களைச் சேமித்து வைக்கும் பட்டியலை அதில்தான் கற்றுக்கொண்டேன். செங்கல்பட்டிலிருந்து புறப்படும் ரயில்களின் நேரம், பழைய பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாள்கள், நிலாவின் பள்ளங்களைப் பெரிதாகக் காட்டும் படங்கள் என்று ஒவ்வொன்றாக உள்ளே போட்டு வைத்தேன். கம்ப்யூட்டர் என்றால் பீரோ மாதிரி, உள்ளே வைத்தது உள்ளேயே இருக்கும் என்று நம்பினேன். மற்ற மூன்றும் காலியாக இருந்தாலும் மூன்றாம் நம்பருக்காகக் காத்திருப்பேன்.

"இன்னாடி, மூணாம் நம்பர உனுக்கு சீதனமா எய்தி குடுத்துட்டாங்களா?" என்பார் பாயம்மா.

"என் தளம்லாம் அதுல கீது பாயம்மா."

ஒருநாள் அது படுத்துவிட்டது. சென்னையிலிருந்து வந்த மெக்கானிக் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். நான் போய்ப் பார்த்தபோது பட்டியல் வெறுமையாக இருந்தது. ஒரு வருடச் சேகரிப்பு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"வூடு பத்திக்கின மாதிரி இன்னாத்துக்கு அழுவுற? உன் தளம் இன்னா இந்த டப்பாக்குள்ளயா குடியிருந்துச்சு? பேர எய்தி வெச்சிருந்தா எந்த டப்பாலயும் வந்து நிக்கும்." திட்டிக்கொண்டே லாட்ஜ் அலமாரியில் மீந்து கிடந்த பதிவேடு ஒன்றை எடுத்து மேசைமேல் போட்டார். "இந்தா, இதுல எய்து. இத எவனும் அழிக்க முடியாது."

அன்றைக்கே ஆரம்பித்தேன். கட்டங்களை வீணாக்க மனம் வரவில்லை. பெயர் கட்டத்தில் தளத்தின் முகவரி. பாஸ்போர்ட் எண் கட்டத்தில், அந்தத் தளம் படிக்க எந்தத் தமிழ் எழுத்துரு வேண்டும் என்ற குறிப்பு. அப்போது ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள், அது இல்லாவிட்டால் பக்கம் முழுக்கப் புரியாத குறிகளாகத் தெரியும். எங்கிருந்து வருகிறார் என்பதில் எனக்குச் சொன்னவர் யார் என்று. வந்த நேரம் என்பதில் அது எந்த நேரத்தில் சீக்கிரம் திறக்கிறது என்று. எங்கே போகிறார் என்பதில் அது யாருக்குப் பயன்பட்டது என்று.

கடைசிக் கட்டம் வேகமாக நிரம்பியது. அலையின் உயரம் சொல்லும் தளம் அப்பாவின் கூட்டாளிகளுக்குப் போனது. சாதிச் சான்றிதழ் படிவம் இருந்த தளம் குப்பத்தில் பாதி வீடுகளுக்குப் போனது. "புக்கு வெச்சிக்கினு கீற பொண்ணு" என்று தேடி வந்தார்கள். அம்மா துடைப்பத்தோடு நின்று வேடிக்கை பார்ப்பாள். "நான் மேல ரூம் பெருக்குறேன், எம் பொண்ணு கீழ ஆபீசு நடத்துது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்தது. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தேன். என்னோடு படித்த எல்லோருக்கும் அழைப்புக் கடிதம் வந்தது. எனக்கு வரவில்லை. எங்கள் குப்பத்துக் கடிதங்களைத் தபால்காரர் பெட்டிக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பக்கம் போகிறவர்கள் எடுத்து வந்து தருவார்கள். தினமும் நான் போய்க் கேட்டேன், இல்லை என்றார்கள். பதிவேட்டைப் பார்த்துக் கலந்தாய்வுத் தளத்தைத் திறந்தேன். என் மதிப்பெண்ணுக்கு நாளை மறுநாள் முறை என்று போட்டிருந்தது. கடிதம் வராதவர்கள் நகலை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. ஆனால் நகல் எடுக்கும் பக்கம் திறக்கவே இல்லை. மூன்று மணிவரை திரையில் மணல் கடிகாரம்தான் சுழன்றது.

"கடுதாசி இல்லாம போனா வாசல்லயே தொரத்திடுவானுங்க" என்றார் அப்பா. அந்த முறையைத் தவறவிட்டால் அந்த வருடம் போய்விடும். அடுத்த வருடமும் படிக்க வைக்க வீட்டில் தெம்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதிவேட்டை மறுபடி விரித்தேன். அந்தத் தளத்தின் வரியில் 'வந்த நேரம்' கட்டத்தில் என் கையெழுத்தில் இருந்தது: காலை ஐந்தரை, உடனே திறந்தது. முன்பு ஒரு வெள்ளைக்காரரின் விமான டிக்கெட்டுக்காக விடியலில் கடை திறந்தபோது, அம்மாவோடு வந்திருந்த நான் போட்டுப் பார்த்துக் குறித்தது. ஊர் முழித்தால் அந்தத் தளம் திணறும். ஊர் முழிக்காதபோது போக வேண்டும்.

சிக்கல் ஒன்றுதான். தெருவில் கம்பி மாற்றும் வேலை மறுநாள் தொடங்குவதால் காலை ஆறு மணிக்குக் கரண்ட் போய்விடும். சாயங்காலம்வரை வராது.

"அரை மணி நேரம் போதுமாடி உனுக்கு?" என்று கேட்டார் பாயம்மா. "தொழுதுட்டு வந்து தெறக்குறேன். லேட்டா வந்த, சாவிய கெணத்துல போட்டுருவேன்."

மறுநாள் ஐந்தரைக்கு நாங்கள் நான்கு பேரும் கடைக்குள் இருந்தோம். அப்பா அன்று கடலுக்குப் போகவில்லை. மூன்றாம் நம்பர் கிளம்ப நேரமாகும் என்று ஒன்றாம் நம்பரில் உட்கார்ந்தேன். முகவரியை அடித்தேன். பக்கம் ஒரே மூச்சில் திறந்தது. விண்ணப்ப எண், பிறந்த தேதி. என் பெயர் வந்தது. பிரிண்டர் முனகிக்கொண்டே தாளைத் தள்ளியது. அப்பா அதைப் பச்சைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். பாயம்மா இன்னும் இரண்டு பிரதி எடுக்கச் சொன்னார். மூன்றாவது தாள் வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. நாங்கள் இருட்டில் நின்று சிரித்தோம்.

கலந்தாய்வுக் கூடத்தில் அந்தத் தாளைப் பார்த்து முத்திரை குத்தி உள்ளே விட்டார்கள். பெரிய திரையில் கல்லூரிப் பெயர்களும் மீதி இடங்களும் ஓடின. அப்பாவுக்கு எழுத்து தெரியாது, எண்கள் தெரியும். "மீன் ஏலம் மாதிரி கீதே. இங்க ஏறல, கொறஞ்சிக்கினே போவுது. சீக்கிரம் எட்றீ!" என்று என் முழங்கையில் இடித்தார். ஒவ்வொரு கல்லூரியின் தளத்தையும் முன்பே பார்த்துப் பதிவேட்டில் வரிசை போட்டிருந்தேன். என் பட்டியலில் இரண்டாவதாக இருந்தது இன்னும் காலியாக இருந்தது. என் முன்னால் இருந்த சின்னத் திரையில் கம்ப்யூட்டர் பாடத்தைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய திரையில் ஓர் எண் குறைந்தது. "அது நீயா?" என்றார் அப்பா. "நான்தான்" என்றேன்.

இப்போது பழைய மாமல்லபுரம் சாலையில், என் ஊருக்குப் போகும் பஸ் நிற்கும் இடத்தில், ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பதிவேட்டில் உள்ள தளங்களில் பல இப்போது திறப்பதில்லை. பரவாயில்லை, புதிதாக எழுத இன்னும் பக்கங்கள் இருக்கின்றன.

அந்த வருடம் கலந்தாய்வு முடிந்து பத்து நாள் கழித்து அசல் அழைப்புக் கடிதம் வந்து சேர்ந்தது. பெட்டிக்கடையில் பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம். அப்பா கோபத்தில் கிழிக்கப் போனார். நான் பிடுங்கிப் பதிவேட்டில், கலந்தாய்வுத் தளத்துக்கு அடுத்த வரியில் ஒட்டினேன். எங்கிருந்து வருகிறார்: பெட்டிக்கடை. வந்த நேரம்: எல்லாம் முடிந்த பிறகு. எங்கே போகிறார் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, மேல் வரியில் அதே கட்டத்தில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்.