மூன்று பதில்களில் முதலாவது

என்னைப் பெண் பார்க்க வந்தவர், கையில் சாமை முறுக்கை வைத்துக்கொண்டு டேட்டாபேஸ் பற்றிக் கேள்வி கேட்டார்.

செங்கத்திலிருந்து ஜீப் பிடித்து வந்திருந்தார்கள்: அவர், அவர் அம்மா, தாய்மாமன். அவரும் என்னைப் போலக் கம்ப்யூட்டர் படித்து, வீட்டிலிருந்தே பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவர். அதனால்தான் இந்த ஒரு வரனுக்கு நான் சரி என்றிருந்தேன். மாப்பிள்ளையிடம் பார்க்க வேண்டியவை என்று மனதில் ஒரு வரிசை வைத்திருந்தேன். குடி, கோபம், என் வேலை. முதல் இரண்டையும் அப்பா விசாரித்துவிட்டார். மூன்றாவது எனக்கு மட்டும்தான் முக்கியம். கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலையில் இருக்க வேண்டும். எங்கள் மலையூரான புதூர்நாட்டில் சிக்னல் எங்கே நிற்கிறது என்று தேடி, கடைசியில் எங்கள் பலா மரத்தடியில் லேப்டாப்போடு உட்கார்ந்து இன்டர்வியூ கொடுத்து வாங்கிய வேலை அது.

"எங்க புராஜெக்ட்ல மூணு குவெரிய ஒண்ணா அனுப்புறோம். மூணு ரிசல்ட் வரும். அதை அசிங்க்ரனஸா எப்படிப் படிப்பீங்க?" என்றார் அவர். குவெரி என்பது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி; அசிங்க்ரனஸ் என்றால் பதில் வரும்வரை புரோகிராம் சும்மா நிற்காமல் இருப்பது.

"டேய், பொண்ணு பாக்க வந்தியா, ஆளெடுக்க வந்தியா?" என்றார் தாய்மாமன்.

நான் பதில் சொன்னேன். "வரிசையாத்தான். முதல் ரிசல்ட்ட வரி வரியாப் படிச்சு முடிச்சுட்டு, அடுத்ததுக்குப் போகச் சொல்லணும். ஒவ்வொண்ணுக்கும் காத்திருக்கணும், ஆனா அந்த நேரத்துல புரோகிராம் வேற வேலை பாத்துக்கினு இருக்கும்."

"இல்லீங்க. அசிங்க்ரனஸ்னா மூணையும் ஒரே நேரத்துல படிக்கலாம். நாங்க அப்படித்தான் எழுதி வச்சிருக்கோம்."

"ஒழுங்கா ஓடுதுங்களா?"

அவர் முறுக்கைப் பார்த்தார். "அப்பப்போ எரர் வருது."

"வரும். கனெக்‌ஷன் ஒண்ணுதானே? காத்திருக்கிறப்ப கையக் கட்டிக்கினு நிக்காம இருக்கலாம், அவ்ளோதான். எல்லாத்தையும் சேத்து அள்ள முடியாது. இன்னொண்ணு, ரெண்டாவது குவெரில தப்பு இருந்தா ரெண்டாவதுக்குப் போனாத்தான் தெரியும். முதலாவதோட மூடிட்டீங்கன்னா எல்லாம் நல்லபடியா முடிஞ்ச மாதிரியே இருக்கும்."

"இன்னா சொல்லுது பொண்ணு?" என்று அவர் அம்மா தன் தம்பியைக் கேட்டார்.

"உம் புள்ளைக்கு மார்க் போடுதுக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்கு அது பிடித்திருந்தது. தப்பைச் சொன்னால் சிரிக்கிற ஆளோடு குடும்பம் நடத்தலாம் என்று தோன்றியது. அதே தைரியத்தில், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடமாட்டேன் என்பதையும் சொன்னேன். "வூட்ல பேசிட்டுச் சொல்றோம்மா," என்றார் அவர் அம்மா. கிளம்பும்போது மாப்பிள்ளை என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

சில நாள் கழித்து, அப்பா புளி உலுக்கிக்கொண்டிருந்தபோது தாய்மாமன் போன் செய்தார். பொண்ணை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றார். அப்பா "ரொம்ப சந்தோஷங்க" என்று சொல்லி அப்படியே போனை வைத்துவிட்டு, புளியை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார். வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். எங்கள் ஊரில் ஜீப் ஓட்டுகிற அண்ணன் வாசலிலேயே, "எப்பம்மா கல்யாணச் சாப்பாடு?" என்றார்.

"வேலையப் பத்தி இன்னாப்பா சொன்னாங்க?"

"புட்ச்சிருக்குதுன்னாங்க, வச்சுட்டேன். வேற இன்னா கேக்கறது?"

திரும்பக் கூப்பிட வைத்தேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"நீங்கதான் முழுசா கேக்காம கட் பண்ணிட்டீங்களே," என்றார் தாய்மாமன். "பொண்ணு வேலைய விட்டுடணும்ங்க. ஒரு வூட்ல ரெண்டு பேரும் லேப்டாப்ப வச்சிக்கினு உக்காந்தா அடுப்பு பாக்கிறது யாரு? அப்புறம், நாலு பேர் எதிர்ல எங்க புள்ளைய மட்டம் தட்டிடுச்சுன்னு அக்காவுக்கு வருத்தம். வாய மட்டும் கொஞ்சம் கொறைச்சிக்கச் சொல்லுங்க."

"மாப்பிள்ளை இன்னா சொல்றாரு?" என்று நானே கேட்டேன்.

"அவனும் அதான்மா சொல்றான்."

அப்பா போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒத்துக்கம்மா. ஊர் பூரா சொல்லிட்டேன்."

"அப்படின்னா மீதியையும் சொல்லிடுங்கப்பா. நான் ஒத்துக்கல."

அப்பா சொல்லவில்லை. மறுத்த செய்தியைச் செங்கத்துக்குச் சொன்னதும் நான்தான்.

அடுத்த மாதம் மரத்தடியில் வேலையாக இருந்தபோது அந்த மாப்பிள்ளையிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "நீங்க சொன்ன மாதிரி மாத்திட்டேன், நல்லா ஓடுது. ரெண்டாவது ரிசல்ட்ல வர்ற எரரை எந்த இடத்துல பிடிக்கிறது?" வேறு ஒரு வார்த்தை இல்லை. சரியான பதிலை முழுதாக டைப் செய்தேன். ஒருமுறை படித்துப் பார்த்து அழித்தேன். "வாயைக் கொறைச்சுக்கிட்டேங்க. உங்க மாமாவைக் கேளுங்க" என்று அனுப்பிவிட்டு, கம்பெனி மீட்டிங்கில் சேர்ந்தேன்.

வேலை இருக்கிறது. ஜீப் நிற்கிற இடத்தில் யாராவது விசாரித்தால் அப்பா இன்றும் ஒன்றைத்தான் சொல்கிறார். "அவங்களுக்குப் புட்ச்சிதான் இருந்துச்சு. எம் பொண்ணுதான் வேணான்னுடுச்சு." நான் பக்கத்திலேயே லேப்டாப் பையோடு நின்றாலும் அதோடு நிறுத்திவிடுகிறார். கேட்டவர்களும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.