அமாவாசையில் ஒரு மேட்ச், ஒரு கச்சேரி

மார்கழி பிறந்தால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு ஆண்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொள்வார்கள். டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிக்கொள்வார்கள். வீட்டில் யார் எதைக் கேட்டாலும் "தோ, இரு" என்பார்கள். பொங்கலை ஒட்டிப் பட்டணத்தில் நடக்கிற கிரிக்கெட் மேட்ச்தான் காரணம். ஐந்து நாள் ஆட்டத்தில் ஒரு நாளையாவது நேரில் பார்த்துவிட்டு வந்தவருக்குத் தெருவில் ஆடி மாதம் வரைக்கும் மரியாதை உண்டு. என் வீட்டுக்காரர் அந்த மரியாதையை வருஷம் தவறாமல் வாங்கிக்கொண்டிருந்தார். டீக்கடையில் அவர் மட்டையைச் சுழற்றிக் காட்டினால் பக்கத்தில் நிற்கிறவர் டம்ளரைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கும் ஒரு காய்ச்சல் இருந்தது. அது வேறு ரகம். பக்கத்து வீட்டில் ஒரு பெரிய ரேடியோப் பெட்டி. அதில் ஒரு பாடகி அடிக்கடி பாடுவார். அந்தக் குரல் சுவரைத் தாண்டி எங்கள் தறிக்கு வரும். நான் சங்கீதம் படித்தவள் இல்லை. என்ன ராகம் என்று கேட்டால் விழிப்பேன். ஆனால் அந்தக் குரல் தொடங்கிவிட்டால் என் பாதி புத்தி சுவருக்கு அந்தப்பக்கம் போய்விடும்.

மீதிப் பாதி தறியில் இருந்தாக வேண்டும். எங்கள் ஊர்ப் புடவையில் உடம்பு ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். இரண்டையும் நெய்யும்போதே கோர்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்து உடம்புக்கான நாடாவை, அதாவது நூல் வைத்த கட்டையை, இழைகளுக்கு நடுவே தள்ளுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ள வேண்டும். கல்யாணமாகி வந்த மறுவாரமே எனக்கு அந்த இடம் கிடைத்துவிட்டது. நாலு வருஷமாக அங்கேதான் இருந்தேன். ஒவ்வொரு இழைக்கும் 'தடக்' என்று ஓர் அடி. அந்தப் பாடகியின் பாட்டை நான் தடக் தடக்கோடு சேர்த்துத்தான் கேட்டிருக்கிறேன். ஒரு பாட்டை, ஒரே ஒரு பாட்டை, தறிச் சத்தம் இல்லாமல் முதலிலிருந்து கடைசி வரை கேட்க வேண்டும். அந்த நாளில் எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டால் போகிறது என்று சொல்லலாம். தை முகூர்த்தத்துக்குப் புடவை கேட்டு ஆள் மேல் ஆள் வருகிற மார்கழியில், பாட்டுக் கேட்பதற்காகத் தறியை நிறுத்தினாள் என்று பேர் எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

நிறுத்தாமல் கேட்டதற்கே ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் அரக்கு உடம்பு, பச்சைக் கரைப் புடவை ஒன்று தறியில் இருந்தது. முந்தானை தொடங்கும் இடம். ரேடியோவில் அந்தக் குரல் மேலே ஏறி அப்படியே நின்றது. நானும் நின்றுவிட்டேன். கரை நாடா என் மடியிலேயே இருந்தது. நாலு விரற்கடை நெய்த பிறகுதான் அவர் பார்த்தார். அன்றைக்கு முழுவதும் அவர் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. பிரித்து, ஒட்டவைத்து, மேல்பக்கம் தெரியாதபடி சரிசெய்தார். உள்பக்கத்தில் மட்டும் அரிசிமணி போல ஒரு முடிச்சு நின்றுவிட்டது. புடவை கடைக்குப் போய்விட்டது. முடிச்சு மட்டும் எங்கள் வீட்டிலேயே இருந்தது. எப்போது எனக்குக் கோபம் வந்தாலும் அவர் அந்த முடிச்சை எடுத்துப் போடுவார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் மார்கழி அமாவாசை மேட்சுக்கு நடுவில் வந்து விழுந்தது. அமாவாசையன்று நாங்கள் தறி ஏற மாட்டோம். அன்றைக்கு லீவு. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதே நாள் சாயங்காலம் மயிலாப்பூரில் ஒரு சபாவில் அந்தப் பாடகியின் கச்சேரி என்று பேப்பரில் பார்த்தேன். டிசம்பரில் தொடங்குகிற கச்சேரிகள் சில இடங்களில் பொங்கல் வரைக்கும் இழுக்கும். அது எனக்காகவே இழுத்த மாதிரி இருந்தது.

"அமாவாசைக்கு நானும் வரேங்க," என்றேன்.

"மேட்சுக்கா? நீ இன்னாத்துக்குமே? நாளெல்லாம் வெயில்ல குந்திக்கினு இருக்கணும்."

"பகல்ல உங்க மேட்ச். சாயங்காலம் என் கச்சேரி."

"ஒரே நாள்ல ரெண்டா? நடக்கிற கதையா?"

"நடக்காதுன்னா சரி. தை மாசம் முழுக்க கரை நாடாவ நீங்களே தள்ளிக்கங்க."

அவர் தை மாதத்து முகூர்த்தங்களை விரல்விட்டு எண்ணினார். அப்புறம் கச்சேரி எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

முதல் பஸ்ஸில் கிளம்பினோம். அவர் மப்ளர், நான் கல்யாணப் புடவை, மடியில் புளிசாதத் தூக்கு. வாலாஜாபாத் தாண்டுகிற வரைக்கும் எதிரே வருகிற வண்டி தெரியாத பனி. அவர் வழிநெடுக எனக்குக் கிரிக்கெட் கற்றுக்கொடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உம் கொட்டிக்கொண்டு வந்தேன். பரீட்சையா எழுதப் போகிறேன்?

மைதானத்தைப் பற்றி என்ன சொல்ல? பத்துப் பன்னிரண்டு பேர் வெள்ளை உடுப்போடு புல்லில் தள்ளித் தள்ளி நின்றார்கள். ஒருவர் ஓடிவந்து பந்தைப் போட்டார். இன்னொருவர் அதைத் தொடாமல் விட்டார். கேலரி முழுக்க "ஆஹா!" என்றது. எங்கள் தெருவில் விடியற்காலையில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டும்போதுகூட இதைவிட வேகமாக ஆட்கள் நடப்பார்கள் என்று அவர் காதில் சொன்னேன்.

"கம்முனு இரு. இது நின்னு ஆடுற ஆட்டம்."

"அதான் எல்லாரும் நிக்கிறாங்களே."

ஒரு மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. குனிந்து தூக்கின் மூடியைத் திறந்தேன், ஸ்டம்பு பறந்ததாம். கேலரியே எழுந்து குதித்தது. என் புளிசாதத்தில் பாதி முன்வரிசைக்காரர் சட்டையில். அதற்கப்புறம் ஆட்டம் மந்தமானால் "எம்மா, இன்னொரு தபா தூக்கு மூடியத் தொறம்மா, விக்கெட் விழட்டும்" என்று பின்னால் இருந்து குரல் வரத் தொடங்கியது. என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் பிடித்துத்தான் போயிற்று. அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆட்டம் முடிகிற நேரத்தில் கச்சேரிக்கு நேரமாகிறது என்றேன். "ஒரே ஓவர்மே" என்றார். அது முடிந்ததும் இன்னொரு ஒரே ஓவர். கடைசியில் நான் எழுந்து படி இறங்கி நடந்துவிட்டேன். அவர் மைதானத்தைப் பார்த்தபடியே, பின்புறமாக நடந்து என் பின்னால் வந்தார். எத்தனை பேர் காலை மிதித்தார் என்று அவருக்கே தெரியாது.

சபாவில் பெரிய கொட்டகை, மடக்கு நாற்காலிகள். எங்களுக்குக் கடைசிக்குச் சற்று முந்தின வரிசை கிடைத்தது. மேடையில் அந்தப் பாடகி. அந்தக் குரலுக்கு இவ்வளவு சின்ன உருவமா என்று எனக்கு ஆச்சரியம். முதல் இரண்டு பாட்டுக்கு ஆட்கள் வருவதும் போவதும் இடம் தேடுவதுமாக இருந்தது. பெரிய பாட்டு இனிமேல்தான் என்று பக்கத்து நாற்காலிக்காரர் யாரிடமோ சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் அவ்வளவு நேரம் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தார்.

எங்களுக்கு நேர் முன்னால் நல்ல ஆகிருதியோடு ஓர் அம்மாள். அரக்குப் புடவை, பச்சைக் கரை. முந்தானை நாற்காலிக்குப் பின்னால் எங்கள் முழங்கால் வரை தொங்கியது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நம்ம தறிமே," என்று காதில் சொன்னார்.

காஞ்சிபுரத்துக்காரர்கள் எங்கே பட்டுப்புடவையைக் கண்டாலும் தங்கள் தறி என்பார்கள். அரக்கும் பச்சையும் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நெய்கிற ஜோடி. "சும்மா இருங்க," என்றேன்.

"உள்பக்கம் பாத்தா தெரிஞ்சிடும். நீ கோட்டை வுட்ட எடம் இருக்குதான்னு."

நான் கையைப் பிடிப்பதற்குள் அவர் கை போய்விட்டது. அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. நெசவுக்காரன் கைக்குப் புடவை என்றால் அது துணி, அதற்குள் ஆள் இருப்பது அதற்குத் தெரியாது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முந்தானையைப் பிடித்து, புரட்டி, முடிச்சு இருக்க வேண்டிய இடத்தைத் தேடி மேலே மேலே போனார். தோள் வரைக்கும் போய்விட்டார்.

அந்த அம்மாள் வெடுக்கென்று திரும்பினார். "யாருய்யா நீ? புடவையை எதுக்கு இழுக்கறே?"

"ஒண்ணும் இல்லம்மா. இது நம்ம பொடவ. அதான் பாத்தேன்."

"என்னது, உன் புடவையா?"

அத்தோடு விட்டிருக்கலாம். "உள்ள ஒரு முடிச்சு இருக்கும்மா, கொஞ்சம் திரும்புனீங்கன்னா காட்டுறேன்" என்றார் இவர்.

மேடையில் வயலின்காரர்கூட ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்தார். பேட்ஜ் குத்திய இரண்டு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு கையாக அவரைப் பிடித்து, சத்தம் போடாமல், நடைபாதை வழியாக வெளியே நடத்திக்கொண்டு போனார்கள். அவர் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. நானும் எழுந்திருக்கத்தான் காலை ஊன்றினேன். அந்த நேரம் பார்த்து மேடையில் அந்தக் குரல் தொடங்கியது.

பேட்ஜ்காரர்களில் ஒருவர் திரும்பி வந்து என்னிடம் குனிந்தார். "அந்த ஆள் உங்களோட வந்தவரா?"

"இல்லீங்க," என்றேன். "யாருன்னே தெரியாது."

யோசித்துச் சொன்னேனா என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யோசிக்கவில்லை. நாக்கு சொல்லிவிட்டது. முன்னால் இருந்த அம்மாள் என் கையைத் தட்டிக்கொடுத்து, "பாவம், பக்கத்துலயே உட்கார்ந்திருந்தியேம்மா" என்று ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார். அதையும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் கேட்டேன். முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். ஒன்று சொல்கிறேன்: அந்தப் பாடகி பாட்டுக்கு நடுவே அங்கங்கே பாடாமல் இருப்பார். ஓர் அடி முடித்து, அடுத்ததை எடுப்பதற்கு முன், சும்மா இருப்பார். நாலு வருஷமாக அந்த இடங்களையெல்லாம் என் தறி அடித்து நிரப்பிவிட்டிருந்தது. அவர் சும்மா இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. இப்போது அந்த இடம் ஒவ்வொன்றும் வரும்போது கொட்டகையில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். என் வாழ்நாளில் அதைப் போல ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. வீட்டுக்காரர் ஞாபகம் வந்ததா என்றால், வரவில்லை. அதுதான் நிஜம். கடைசித் தாளம் விழுந்து கைதட்டல் எழுந்த பிறகுதான், வெளியே ஒருவர் இருக்கிறார் என்பது பொட்டில் அடித்தது.

செருப்பைத் தேடக்கூடப் பொறுமை இல்லாமல் ஓடினேன். சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில், சுவரோரமாக, மப்ளரைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"முழுசா கேட்டியா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"வாசல் கேட்டாண்ட நிறுத்தி வெச்சிக்கினு, கூட யாரு வந்துகிறாங்க, சொல்லு சொல்லுன்னாங்க. நான் சொல்லுவேனா? தனியாத்தான் வந்தேன்னு சாதிச்சிட்டேன். உன்னக் காட்டியிருந்தா உன்னையும்ல எழுப்பிக் கூட்டியாந்திருப்பாங்க? இந்தா, கடல துன்னு."

பொட்டலத்தை நீட்டினார். அதில் முக்கால்வாசியை எனக்காக மிச்சம் வைத்திருந்தார். நான் வாங்கிக்கொண்டு, அங்கேயே, அத்தனை சைக்கிள்களுக்கு நடுவில் நின்று அழுதேன்.

அவர் பதறிப்போய் என் முகத்தைப் பார்த்தார். "இன்னாமே அழுவுற? அவ்ளோ நல்லாவா பாடினாங்க?"

"ஆமாங்க," என்றேன்.